நாற்பத்தேழாம் நம்பர் கிளை

கொழிஞ்சாம்பாறைக்கு நாற்பத்தேழு என்ற எண் வந்து சேர்ந்த அன்று நஞ்சப்பன் மதியச் சோறு தின்னவில்லை. மனைவி கமலாத்தாள் கூப்பிட்டுப் பார்த்தாள். மறுபடி கூப்பிட்டாள். அதற்கு மேல் கெஞ்சுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. சோற்றை மூடி வைத்துவிட்டு, "ஏனுங்க, மேலுக்குச் சொகமில்லீங்களா?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன புள்ள, நான் நல்லாத்தான் இருக்கறேன். ஊருக்குத்தான் மானம் போச்சு."

மானம் போனது இப்படித்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் பகவதி விலாசம் பாங்கு கிழக்குப் பாலக்காட்டில் ஊருக்கு ஊர் கிளை திறந்துகொண்டே வந்தது. வெளியூரிலிருந்து அவசரமாகப் பணம் வரவேண்டுமானால் தந்தியில் வரும். அங்கே உள்ள கிளையில் ஒருவர் பணத்தைக் கட்டுவார், அந்தக் கிளை இந்தக் கிளைக்குத் தந்தி அடிக்கும், இங்கே உரியவர் கையில் கொடுத்துவிடுவார்கள். நோட்டுக்கட்டு கம்பி வழியாக ஓடி வருவதில்லை என்பதை நம்பவே ஊருக்கு ஒரு மழைக்காலம் பிடித்தது. ஆனால் தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு. கிளையின் பேரும் விலாசமும் எழுதினால் செலவு ஏறிவிடுகிறது. அதனால் திருச்சூரில் இருந்த தலைமை ஆபீஸ், எல்லாக் கிளைக்கும் தனித்தனி நம்பர் கொடுத்து, இனித் தந்தியில் ஊர்ப்பேர் வேண்டாம், நம்பர் மட்டும் போதும் என்று உத்தரவு போட்டது. நம்பரைப் போர்டின் கீழ் மூலையில் எழுதவும் சொன்னது.

கோபாலபுரத்துக்கு நாற்பத்தாறு. கொழிஞ்சாம்பாறைக்கு நாற்பத்தேழு.

நாற்பத்தாறு வேறு எந்த ஊருக்காவது போயிருந்தால் நஞ்சப்பன் கண்டுகொண்டிருக்க மாட்டார். கோபாலபுரத்துக்குப் போனதுதான் வயிற்றெரிச்சல். இரண்டு ஊருக்கும் பொதுவாக ஒரு மாகாளியம்மன் கோயில் இருந்தது. திருவிழாவில் பூஜை முடிந்ததும் பூசாரி ஊர்ப்பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். முதலில் கூப்பிட்ட ஊருக்கு முதல் தீர்த்தம், முதல் எலுமிச்சம்பழம். அந்த ஒரு பழத்துக்காகச் சித்தூர் கோர்ட் வரைக்கும் போய், ஒரு வருஷம் அவர்கள் முன்னால், அடுத்த வருஷம் இவர்கள் முன்னால் என்று ராஜியாகி வந்திருந்தார்கள். அதில் கொழிஞ்சாம்பாறைக்குப் பழம் வாங்குகிற கை நஞ்சப்பனுடையது. கோபாலபுரத்துக்குக் குப்பண்ணனுடையது. இப்போது ஒரு பாங்கு, எங்கிருந்தோ வந்த ஒரு பாங்கு, கோபாலபுரம் முன்னால், கொழிஞ்சாம்பாறை பின்னால் என்று போர்டிலேயே எழுதி மாட்டிவிட்டது. அதுவும் வருஷா வருஷம் மாறாதாம்.

மறுநாள் காலை பாங்குக் கதவு திறந்ததுமே நஞ்சப்பன் உள்ளே போய் உட்கார்ந்தார். மேனேஜர் அச்சுத வாரியர் நல்ல மனுஷர். எவரிடமும் குரல் உயர்த்த மாட்டார். தமிழும் மலையாளமும் கலந்து ஒரு தினுசாகப் பேசுவார்.

"வாரியரே, இது ஆரு போட்ட வரிசைங்க?"

"வரிசை ஒந்நும் அல்லா கவுண்டரே. இது மேல்விலாசம். வீட்டுக்கு நம்பர் இருக்கில்லே, அதுபோல. பணத்துக்கு வழி தெரியணும், அவ்வளவுதான்."

"அப்ப இந்த நம்பருக்கு மேல கீழ கெடையாதுங்களா?"

"கிடையவே கிடையாது."

"நாப்பத்தாறும் ஒண்ணுதான், நாப்பத்தேழும் ஒண்ணுதானுங்களா?"

"ஒண்ணுதான்."

"அப்பறம் நாப்பத்தாற எங்களுக்குக் குடுத்துப்போட்டு நாப்பத்தேழ அவிகளுக்குக் குடுக்கறதுல உங்களுக்கு என்னுங்க கஷ்டம்?"

வாரியர் எர்ணாகுளத்தில் படித்த படிப்பில் இதற்குப் பதில் இல்லை. கடைசியில் காப்பி வரவழைத்துக் கொடுத்தார். நஞ்சப்பன் காப்பியைக் குடித்துவிட்டு, கோபம் கொஞ்சமும் குறையாமல் வெளியே வந்தார்.

அன்று சாயங்காலம் வேப்பமரத்தடியில் ஊர் கூடியது. பாங்கு என்ன நம்பர் வேண்டுமானாலும் கொடுக்கட்டும், கொழிஞ்சாம்பாறையின் நம்பர் நாற்பத்தாறுதான் என்று முடிவாயிற்று. வெளியூரில் இருக்கிற உறவுக்காரர்கள் எல்லாருக்கும் சொல்லிவிடுவது என்றும் முடிவாயிற்று. கம்பம்மெட்டில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற நஞ்சப்பனின் தம்பி சின்னையன் பொங்கலுக்கு வந்தவன் அங்கேதான் இருந்தான். எல்லாரையும் விட அவன்தான் உரக்கக் கைதட்டினான்.

விடிந்தபோது போர்டில் நாற்பத்தேழு இல்லை, நாற்பத்தாறு இருந்தது. வாரியர் ஆள் வைத்து மறுபடி நாற்பத்தேழு எழுதினார். ஊர் மறுபடி நாற்பத்தாறு எழுதியது. இப்படி எழுதி எழுதிப் போர்டின் அந்த மூலை மட்டும் பெயிண்டு கட்டித் தடித்துப்போயிற்று.

நஞ்சப்பன் அதோடு நிற்கவில்லை. அந்த எண்ணை வாயாலேயே சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டார். தோப்பில் தேங்காய் எண்ணும்போது நாற்பத்தாறு, அதுக்கடுத்தது, நாற்பத்தெட்டு என்று எண்ணினார். வயசு கேட்டால் நாற்பத்தாறு முடிஞ்சுது என்பார், மேலே ஒரு சொல் வராது.

"எங்கப்பனூட்டு ஊருக்கு நாப்பத்தஞ்சாமுங்க" என்றாள் கமலாத்தாள் ஒருநாள், கீரை ஆய்ந்துகொண்டே. அவள் பிறந்த ஊர் வேலந்தாவளம்.

"உன்ற ஊர ஆரு கேட்டா? அவிக நம்ம கோயலுக்கு வர்றவிகளா?"

"சும்மா சொன்னேனுங்க."

ஊரில் தந்தியில் பணம் வருகிறவர்கள் அதிகமில்லை. அதனால் இந்தத் தீர்மானத்தால் யாருக்கும் ஒரு நஷ்டமும் வராமல் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கிணறு விலைக்கு வருகிற வரைக்கும்.

நஞ்சப்பனுடைய தோட்டத்துக்குத் தண்ணீர் பக்கத்துத் தோட்டக் கிணற்றிலிருந்து வந்தது. கிணறு சரஸ்வதியம்மாளுடையது. நஞ்சப்பனின் அப்பா காலத்தில் வாய்ப்பேச்சாகச் சொன்ன சொல்லில்தான் இத்தனை காலமும் பாதித் தண்ணீர் இவருக்குப் பாய்ந்தது. அக்கம்பக்கத்துக் கிணறுகள் எல்லாம் பங்குனி பிறந்தால் உப்புக் கரிக்கும். இது கரிக்காது. ஒவ்வொரு சித்திரையிலும் நஞ்சப்பன் தானே கயிற்றைப் பிடித்து இறங்கிச் சேறு வாருவார். ஆள் வைத்தால் ஆகாதா என்று கேட்டால், அது நம்ம ஊட்டு ஆளு மாதிரி, வேற ஆளு தொடக்கூடாது என்பார். சொந்தமில்லாத ஒரு கிணற்றை அந்த மனுஷர் அப்படி நேசித்தார்.

சரஸ்வதியம்மாள் தோட்டத்தை விற்றுவிட்டு கோயமுத்தூரில் மகளோடு போய் இருந்துகொள்வதாக முடிவு செய்தாள். செங்கல் சூளைக்காரர் ஒருவர் மொத்தமாகக் கேட்டுவிட்டார். அவருக்கு வேண்டியது களிமண். கிணற்றை மூடிவிட்டு அதன் மேல்தான் சூளை போடுவாராம். நஞ்சப்பன் கேட்டதும் ஆடிப்போய்விட்டார். கிணறு போனால் தோட்டம் போச்சு. தோட்டம் போனால் கோயிலில் எலுமிச்சம்பழம் வாங்க எந்த முகத்தோடு போய் நிற்பது?

"கெணறும் அதச் சுத்துன நெலமும் எனக்குக் குடுங்கம்மா. தம்பி பணம் அனுப்பறான்" என்று போய் நின்றார்.

சரஸ்வதியம்மாள் சுற்றி வளைத்துப் பேசுகிறவள் அல்ல. "வெள்ளிக்கெழம வெளக்கு வெக்கறதுக்குள்ள பணத்தோட வாங்க. கெணறு உங்களுக்கு. வெளக்கு வெச்சுட்டா சூளைக்காரருக்குச் சரின்னு சொல்லிப்போடுவேன். அப்பறம் எங்கிட்ட வந்து அழுகக் கூடாது" என்றாள்.

சின்னையனிடம் அண்ணனுடைய ஏலக்காய்ப் பங்குப் பணம் இருந்தது. செய்தி போனதும் புதன்கிழமை தபாலாபீசுக்கு டிரங்க் கால் வந்தது.

"ணா, பணத்தக் கட்டிட்டேன். தந்தி போயிருச்சு."

"எந்த நம்பருக்குடா போட்டே?"

"நம்ம நம்பருக்குத்தான். இங்க கிளார்க்குப் பையன் பொஸ்தகத்தப் பாத்துட்டு, கொழிஞ்சாம்பாறைக்கு நாப்பத்தேழுன்னு சண்டைக்கு வந்தான். அந்த ஊருல பொறந்தவன் நானா நீயான்னு ஒரு சத்தம் போட்டேன். அடங்கிட்டான். நாப்பத்தாறுன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"நீ என்ற தம்பிடா!" என்று போனில் கத்தினார் நஞ்சப்பன். தபாலாபீசில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. பெருமை தாங்காமல் எல்லாருக்கும் முறுக்கு வாங்கிக் கொடுத்தார். தம்பியின் அந்த ஒரு எண் அவர் கிணற்றை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது என்பது முறுக்குத் தின்ற ஒருவருக்கும் உறைக்கவில்லை.

வியாழக்கிழமை பணம் வரவில்லை. வெள்ளிக்கிழமை காலையிலும் வரவில்லை.

"எந்த நம்பருக்குப் போட்டாங்க?" என்று கேட்டார் வாரியர்.

நஞ்சப்பன் சொன்னார்.

வாரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் இடத்தில் நானாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அவர் சிரிக்கவில்லை. "கவுண்டரே, பணத்துக்குக் கண் இல்லா. போர்டில் நீங்க எழுதினது அது வாசிக்காது. நாப்பத்தாறுன்னு சொன்னா நாப்பத்தாறுக்குத்தான் போகும். உங்க பணம் கோபாலபுரத்தில் இருக்கு" என்றார்.

"திருப்பி வரவழைங்க."

"வரவழைக்கலாம். கம்பம்மெட்டுக்குத் தந்தி கொடுத்து, அவங்க திருத்திச் சொல்லி, அடுத்த வாரம் ஆகும். இன்னைக்கே வேணும்னா நீங்க நேரா அங்க போகணும். ரெண்டு மணிக்குப் பணம் கொடுக்கறதை நிறுத்திடுவாங்க."

நஞ்சப்பன் வீட்டுக்குப் போய்க் கமலாத்தாளைக் கூட்டிக்கொண்டு பொள்ளாச்சி பஸ் ஏறினார். பணம் கொண்டு வருகிற பயணத்துக்கு இரண்டு பேராகப் போவதுதான் அவர்கள் வழக்கம்.

கோபாலபுரத்தில் அவர் பஸ்ஸை விட்டு இறங்கி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. பொள்ளாச்சிச் சந்தைக்குப் போகும்போதெல்லாம் இந்த ஊர் வந்தால் முகத்தைத் திருப்பி மறுபக்கத்து ஜன்னலைப் பார்ப்பார். இன்று இறங்கியதும் டீக்கடையில் பேச்சு நின்றது. பாங்குக்குள் நுழைந்தபோது டீக்கடை மொத்தமும் பின்னாலேயே வந்து பாங்குச் சுவரோரம் நின்றுகொண்டது.

மேனேஜர் ஒற்றப்பாலத்துப் பையன், ரொம்ப மரியாதை. "ஆமாங்க, கம்பம்மெட்டிலிருந்து பணம் வந்திருக்கு. நஞ்சப்பன்னு பேர். அந்த நஞ்சப்பன் நீங்கதான்னு இந்தக் கிளையில் கணக்கு வெச்சிருக்கிற ஒருத்தர் கையெழுத்துப் போட்டுச் சொல்லணும். இப்பவே கொடுத்துடுறேன்."

நஞ்சப்பன் திரும்பிச் சுவரோரம் பார்த்தார். எல்லாரும் தெரிந்த முகம். கோர்ட்டில் எதிர்ப்பக்கம் நின்ற முகங்கள். ஒருவர் கூரையைப் பார்த்தார், ஒருவர் காலண்டரில் இருந்த லட்சுமியைப் பார்த்தார். "குப்பண்ணன் வந்து சொல்லட்டுமுங்க. அவரு சொன்னா எல்லாரும் சொன்ன மாதிரி" என்றது ஒரு குரல்.

குப்பண்ணனுக்கு ஆள் போயிற்று. கடிகாரம் ஒன்றரையைத் தாண்டிய பிறகுதான் அவர் வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, நெற்றி நிறைய விபூதி. இன்றைக்கே திருவிழா என்று நினைத்துவிட்டார் போல. வந்து, நாற்காலியைத் துண்டால் தட்டி, உட்கார்ந்து, நஞ்சப்பனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவர உங்களுக்குத் தெரியுங்களா?" என்று கேட்டார் மேனேஜர்.

"பாத்த முகமாட்டத்தான் இருக்குது" என்றார் குப்பண்ணன். "ஏனுங்க, நீங்க எந்தூருங்க?"

நஞ்சப்பன் பல்லைக் கடித்தார். "கொழிஞ்சாம்பாறைன்னு உமக்குத் தெரியாதா?"

"கொழிஞ்சாம்பாறைங்களா? சரி. மேனேஜர் தம்பி, எனக்கு ஒரு சந்தேகம். இந்தப் பாங்கு எத்தனாவது நம்பரு?"

"நாப்பத்தாறு."

"கொழிஞ்சாம்பாறையில இருக்கற பாங்குதான் நாப்பத்தாறுன்னு அந்தூருல தீர்மானம் போட்டு, போர்டுலயே எழுதி வெச்சுட்டாங்க. அப்ப இது கொழிஞ்சாம்பாறையாத்தானே இருக்கோணும்? நான் கோபாலபுரத்துக்காரன். கொழிஞ்சாம்பாறை பாங்குல எனக்குக் கணக்கே இல்ல. நான் எப்பிடித் தம்பி கையெழுத்துப் போடறது?"

சுவரோரம் சிரிப்பு வெடித்தது. மேனேஜர் பதறிப்போய், "இல்லைங்க, இது கோபாலபுரம்தான்" என்றார்.

"நீ சொன்னா ஆகாது தம்பி. நீ நேத்து வந்த புள்ள. அந்தூருப் பெரியவரு சொல்லட்டும். இது எந்த ஊரு, இதுக்கு என்ன நம்பரு, அவரு ஊருக்கு என்ன நம்பரு. சொல்லிட்டாருன்னா என்ற சந்தேகம் தீந்துரும். உடனே கையெழுத்து."

நஞ்சப்பனுக்குக் காது சூடேறியது. எழுந்து போய்விடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. கால் எழவும் எழுந்தது. கமலாத்தாள் பெஞ்சில் பணப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நானே சொல்றேனுங்க" என்றாள் அவள். "எங்கூருக்கு நாப்ப..."

"அம்மணி, உங்களக் கேக்கல. அவரக் கேட்டேன்" என்றார் குப்பண்ணன்.

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. காசாளர் இரும்புப் பெட்டியைச் சாத்துவதற்கு எழுந்துவிட்டார். நஞ்சப்பன் கண்ணை மூடினார். கண்ணுக்குள் கிணறு வந்தது. சேறு வாரிவிட்டு அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் வட்டமாகத் தெரியும் வானம் வந்தது. அந்த வானத்தை ஒரு வண்டி மண் வந்து மூடுவது போல் இருந்தது. அழுகை வந்தது அவருக்கு. நிஜமாகவே வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"இது கோபாலபுரமுங்க" என்றார். "நாப்பத்தாறு."

"சரி."

"எங்கூரு நாப்பத்தேழு."

"கேக்கலீங்க."

"நாப்பத்தேழு!"

போட்ட சத்தத்தில் வெளியே நின்ற பஸ்ஸிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. சுவரோரம் ஒருவரும் சிரிக்கவில்லை. அவ்வளவு பெரிய மனுஷர் அப்படிக் கத்தியதில் அவர்களுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. குப்பண்ணனும் அவர் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தை இழுத்துச் சட்டென்று கையெழுத்துப் போட்டார். பணம் கைக்கு வந்தது. கமலாத்தாள் பையில் வைத்துச் சுருக்கை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது பின்னால் யாரோ செருப்புச் சத்தத்தோடு ஓடி வந்தார்கள். குப்பண்ணன். தோளில் இருந்த துண்டு இப்போது இடுப்பில் இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆள்தானா இது என்று நஞ்சப்பனுக்குச் சந்தேகமாகிவிட்டது.

"அம்மணி" என்றார் கமலாத்தாளிடம், அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு. "நீங்க வேலந்தாவளத்துப் புள்ளதானுங்களே?"

"ஆமாங்க."

"ஒண்ணுமில்ல... அங்க கணக்கு வெச்சிருக்கற சொந்தக்காரங்க ஆராச்சும் இருக்கறாங்களா?"

"எதுக்குங்க?"

குப்பண்ணன் விஷயத்தைச் சொன்னார். வேலந்தாவளத்துக்காரர்களுக்கும் கோபாலபுரத்துக்கும் மாட்டுச் சந்தையில் யார் மாடு முதலில் இறங்குவது என்று பழைய தகராறு. அந்த ஊருக்கு நாற்பத்தைந்து, நமக்கு நாற்பத்தாறா என்று கோபாலபுரத்திலும் கூட்டம் போட்டு, இங்கே நாற்பத்தைந்து என்று தீர்மானம் செய்திருக்கிறார்கள். குப்பண்ணனுக்கு வரவேண்டிய தேங்காய்ப் பணம் ஆடி மாசத்திலிருந்து வேலந்தாவளம் பாங்கில் கிடக்கிறது.

"மூணு நடை போயிட்டேன் அம்மணி. என்னைய ஒருத்தனுக்கும் தெரியாதுங்கறானுக. எங்கூட்டு மாட்டத் தெரியுதாமா, என்னையத் தெரியாதாமா!"

நஞ்சப்பனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். குப்பண்ணன் பாவமாக நின்றார்.

கமலாத்தாள் மட்டும் சிரிக்கவில்லை. "எங்கண்ணன் கணக்கு வெச்சிருக்குதுங்க. திங்கக்கெழம பாங்குக்கு வரச் சொல்றேன். நீங்களும் போங்க. ஆனா கையெழுத்துப் போடறதுக்கு முன்னால, கோபாலபுரம் எத்தனாவது நம்பருன்னு அது கேக்கும். கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. அதுக்குக் காது மந்தம்" என்றாள்.

பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து வெகுதூரம் போன பிறகும் நஞ்சப்பனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்கண்ணனுக்கு எப்ப புள்ள காது மந்தமாச்சு?" என்று கேட்டார்.

"மந்தமெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

அவர் மறுபடி சிரிக்கத் தொடங்கினார்.

"எங்கூருக்காரங்களும் ஒண்ணும் குறைஞ்சவங்க இல்ல" என்றாள் அவள் ஜன்னலைப் பார்த்தபடி. "நாப்பத்துநாலுன்னு எழுதறாங்களாமா. எங்கண்ணன் பணம் எந்தூருல கெடக்குதோ, ஆரு கண்டா."

நஞ்சப்பனுடைய சிரிப்பு நின்றது. யோசிக்கத் தொடங்கினார். நாற்பத்துநாலுக்காரன் நாற்பத்துமூன்றில் போய்க் கைகட்டி நிற்பான், நாற்பத்துமூன்று நாற்பத்திரண்டில் நிற்பான். இப்படியே போனால் ஒண்ணாம் நம்பர்க்காரன் எங்கே போய் நிற்பான் என்று யோசித்ததில் கொழிஞ்சாம்பாறை வந்ததே தெரியவில்லை. கமலாத்தாள் கையைப் பிடித்து இறக்கினாள்.

சரஸ்வதியம்மாள் வீட்டில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றித் திரியும் போட்டாயிற்று. தீக்குச்சி கையில் இருந்தது. இவர்கள் வேகுவேகென்று வருவதைப் பார்த்துவிட்டுக் குச்சியைக் கிழிக்காமல் நின்றாள். பணத்தை வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, மாடத்தில் வைத்தாள். அதற்குப் பிறகுதான் விளக்கேற்றினாள்.

"ரிஜிஸ்தர் திங்கக்கெழம வெச்சுக்கலாம். இனிமேல் கெணறு உங்களுது. வாங்க, வந்து மொதத் தண்ணி சேந்துங்க" என்றாள்.

அந்தப் பக்கத்தில் கிணறு கைமாறினால் வாங்கியவர் முதல் வாளி சேந்திக் கன்னிமாருக்கு ஊற்ற வேண்டும். அந்த முதல் வாளிதான் கிணற்றுக்கு எசமானர் யார் என்று சொல்வது. வீட்டுக்குப் பெரிய ஆண்பிள்ளை செய்கிற காரியம். மூன்று பேரும் தென்னைகளுக்கு நடுவே நடந்து கிணற்றடிக்குப் போனார்கள். வெளிச்சம் இன்னும் இருந்தது. நஞ்சப்பன் எட்டிப் பார்த்தார். தண்ணீர் இருந்த இடத்தில் இருந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் அவர் கண்ணிலிருந்து இறங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை.

உருளையில் தொங்கிய கயிற்றைக் கையில் எடுத்தார். எடுத்தவர் திரும்பிக் கயிற்றைக் கமலாத்தாளிடம் நீட்டினார்.

"நீ சேந்து."

"நானுங்களா? ஆம்பளைங்க சேந்தறதுதானுங்களே மொறை?"

"நாப்பத்தஞ்சு மொதல்ல புள்ள. நாங்க எல்லாம் பின்னாலதான்."

கமலாத்தாள் கயிற்றை வாங்கிக்கொண்டாள். வாளியை இறக்கவில்லை. கிணற்று விளிம்பில் ஒரு காலை ஊன்றி, அவரைப் பார்த்து, "நாங்கன்னா எத்தனாவது நம்பருங்க?" என்று கேட்டாள்.

அவர் சரஸ்வதியம்மாளை ஒரு பார்வை பார்த்தார். அவள் வேறெங்கோ பார்த்தாள்.

"நாப்பத்தேழு" என்றார் மெல்ல.

"கேக்கலீங்க."

நஞ்சப்பன் கிணற்றின் மேல் குனிந்தார். இரண்டு கையையும் வாயில் குவித்து, உள்ளே பார்த்து, மூச்சு உள்ளமட்டும், "நாப்பத்தேழு!" என்று கத்தினார். கிணறு அதைவிடப் பெரிய குரலில் அதையே திருப்பிச் சொன்னது. கமலாத்தாள் வாளியை இறக்கினாள்.